அந்தப் பொருளின் முகவரி என்ன?

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்காக ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு விளக்கு நடனம் பயிற்றுவித்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு குழந்தைகள் தாம்பாளத்தில் விளக்கேந்தி ஆட வேண்டும். எண்ணெய் விளக்கைக் கொடுத்தால் பாவாடையில் தீப்பிடித்துவிடுமோ என்று எனக்குப் பயம். அதனால் பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் அகல் விளக்குகளை நானே கடைவீதிக்குப் போய் வாங்கி வந்தேன். பாதுகாப்பு கருதித்தான் வாங்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒத்திகையின் மூன்றாம் நாள் ஒரு விளக்கின் அடிமூடி கழன்று தரையில் கிடந்தது. உள்ளே பேட்டரி இல்லை. சற்றுத் தள்ளி ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எச்சில் வடிய நின்றாள். "என்னம்மா?" என்றதற்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். தலைமையாசிரியர் அடுத்த நிமிடமே ஆட்டோ பிடித்துவிட்டார். முதலில் பார்த்த மருத்துவர், "காசு முழுங்கிட்டாளா?" என்றுதான் கேட்டார். நான் கையோடு கொண்டு போயிருந்த விளக்கைக் காட்டியதும் அவர் முகம் மாறியது. எக்ஸ்ரேயில் நாணயம் என்றால் ஓரம் ஒற்றை வட்டமாகத் தெரியுமாம். எங்கள் படத்தில் ஓரம் இரட்டை வட்டமாக இருந்தது. அது பட்டன் பேட்டரியின் அடையாளம். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, குழாய்க் கருவியை உள்ளே செலுத்தி வெளியே எடுத்தபோது ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் உணவுக்குழாயில் புண் ஏற்பட்டுவிட்டது. ஒன்பது நாள் மூக்கில் குழாயோடு கிடந்தாள். இப்போது நான்காம் வகுப்பு. நன்றாக இருக்கிறாள்.

அறிவியல் ஆசிரியராக இருந்தும் எனக்கு அன்றுவரை இது தெரியாது என்பது வெட்கம்தான். பேட்டரி கசிந்தால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். கசியவே வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான திசு அதன் இரு முனைகளையும் தொட்டு மின்சுற்றை முழுமையாக்குகிறது. நாம் வகுப்பில் செய்து காட்டும் நீரின் மின்னாற்பகுப்புதான் அங்கே நடக்கிறது. எதிர்முனையின் அருகே காரம் உருவாகித் திசுவை அரிக்கிறது. இரண்டு மணி நேரம் போதும், கடும் காயமாகிவிடும். பொம்மையை ஓட்ட முடியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரிகூட இதைச் செய்யும். பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், மலத்தில் வந்துவிடும் என்று காத்திராமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடிவிட வேண்டும்.

குழந்தை வீடு திரும்பிய பிறகு நான் அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கடைக்காரர் நான் சொல்லச் சொல்ல உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அந்த வயதில் ஒரு பேத்தி.

"பெட்டியோட வாங்கினேன் டீச்சர். ஒரு பெட்டிக்கு இருபத்து நாலு. கம்பெனி பேரெல்லாம் எதுலயும் போடல."

"மொத்தக் கடையில கேட்டுச் சொல்ல முடியுமா?"

"அவனுக்கு மட்டும் தெரியுமா என்ன? மூட்டை மூட்டையா வருது."

மிச்சமிருந்த ஆறு விளக்குகளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். இருபத்து நாலில் நான் வாங்கியவை பன்னிரண்டு. அவர் கொடுத்தவை ஆறு. இன்னும் ஆறு விளக்குகள் எங்கள் ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ ஏதோ வீடுகளில் இருந்தன. "யாருக்கு வித்தேன்னு எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. சரி, முறையாகப் புகார் செய்யலாம் என்று உட்கார்ந்தால் தயாரிப்பாளர் யார், எப்போது தயாரானது, ரசீது எங்கே என்று முதலில் எழுத வேண்டிய எதற்கும் என்னிடம் விடை இல்லை. ரசீது வாங்காதது என் தப்பு.

அந்த ஆறு விளக்குகள்தான் என்னை இந்த விஷயத்தைப் படிக்க வைத்தன. செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம்: குறைபாடு காரணமாக இத்தனை ஆயிரம் கார்களை நிறுவனம் திரும்பப் பெறுகிறது என்று. வண்டிக்கு அது எளிது. ஒவ்வொன்றுக்கும் அடிச்சட்ட எண் இருக்கிறது, வாங்கியவர் பெயர் பதிவாகியிருக்கிறது. குறுஞ்செய்தி அனுப்பினால் வண்டி பணிமனைக்கு வந்துவிடும். இருபது ரூபாய் விளக்கை எப்படித் திரும்ப அழைப்பது? விற்ற பொருளைத் திரும்பப் பெறுவது என்ற ஏற்பாடு உலகில் எங்கே வென்றது, எங்கே தோற்றது என்று தேடிப் படித்தபோது, பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பொருளுக்கு முகவரி இருந்ததா?

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மருந்து நிறுவனம் ஒன்று, தொண்டைத் தொற்றுக்கான சல்ஃபனிலமைடு என்ற மருந்தைக் குழந்தைகளும் குடிக்கும்படி திரவமாக்க விரும்பியது. அந்த மருந்து நீரில் எளிதில் கரையாது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற இனிப்பான கரைப்பானில் கரைந்தது. ராஸ்பெரி வாசனை சேர்த்து 'எலிக்சர் சல்ஃபனிலமைடு' என்ற பெயரில் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கரைப்பான் சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. விற்பனைக்கு முன் சோதிக்க வேண்டும் என்று அன்று சட்டமும் இல்லை.

அக்டோபரில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரிலிருந்து மரணச் செய்திகள் வந்தன. நிறுவனம் கடைகளுக்கும் மருத்துவர்களுக்கும் முதலில் அனுப்பிய தந்திகளில், சரக்கைத் திருப்பி அனுப்புங்கள் என்று மட்டும் இருந்தது. உயிருக்கு ஆபத்து என்ற செய்தி இல்லை. அரசு அதிகாரிகள் வற்புறுத்திய பிறகே அதைச் சொல்லி இரண்டாம் முறை தந்தி அடித்தார்கள். அப்போது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் ஆய்வாளர்களும் வேதியியலாளர்களும் சேர்த்து 239 பேர். ஏறத்தாழ அத்தனை பேரும் களத்தில் இறங்கினார்கள். நிறுவனத்தின் அனுப்புகைப் பதிவேட்டிலிருந்து மொத்த வியாபாரியிடம், அவர் கணக்கிலிருந்து மருந்துக் கடைக்கு, கடையின் சீட்டிலிருந்து நோயாளியின் வீட்டுக்கு என்று ஒவ்வொரு புட்டியாகத் தேடிப் போனார்கள். சில சீட்டுகளில் முழுப் பெயரோ முகவரியோ இல்லை. வீடு மாறிப் போனவர்களை அக்கம்பக்கம் விசாரித்துக் கண்டுபிடித்தார்கள். தயாரித்த 240 காலனில் 234 காலனுக்கும் சற்று அதிகமாக மீட்டுவிட்டார்கள். மீதி ஏறத்தாழ 22 லிட்டர்தான். அது நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. அவர்களில் பலர் குழந்தைகள்.

இதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட செய்தி வேறு. நஞ்சு கலந்த மருந்து என்பதற்காக அதைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அந்த 239 பேருக்கும் இல்லை. 'எலிக்சர்' என்று பெயரிட்டால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தவறு என்ற ஒரு குற்றச்சாட்டை வைத்துத்தான் பறிமுதல் செய்தார்கள். 'கரைசல்' என்று எழுதி ஒட்டியிருந்தால் சட்டப்படி கைகட்டி நிற்க வேண்டியதுதான். அடுத்த ஆண்டு, 1938-இல், விற்பனைக்கு வரும் முன்பே புதிய மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற சட்டம் வந்தது.

இது ஏதோ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். கோல்ட்ரிஃப் என்ற அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதே டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. புட்டியின் மேல் எஸ்.ஆர்.-13 என்ற தொகுதி எண் இருந்ததால், எங்கோ ஒரு மாநிலத்தில் இறந்த குழந்தையின் வீட்டுப் புட்டியையும் இங்கேயுள்ள ஒரு ஆலையையும் இணைக்க முடிந்தது. அந்தச் சிறிய எண் இல்லாவிட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது? ஆனால் அந்த எண்ணைத் தேடும் நேரத்தில் குழந்தைகள் இறந்துவிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மருந்துக்காவது சீட்டு எழுதும் மருத்துவர் இருக்கிறார். தொட்டில், நாற்காலி, பொம்மை போன்றவற்றின் கதை இன்னும் சிக்கலானது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நிகழ்ச்சி 1998 மே மாதம் சிகாகோவில் நடந்தது. பகல்நேரக் குழந்தைக் காப்பகம் ஒன்றில், ஒன்றரை வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையை மடக்குத் தொட்டிலில் தூங்க வைத்திருந்தார்கள். மேல்பக்கக் கம்பிகள் மடங்கி விழுந்து கழுத்தை நெரித்துவிட்டன. அந்த வகைத் தொட்டில் ஆபத்தானது என்று ஏற்கெனவே தெரியும். 1993-இலேயே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்தும் அது காப்பகத்தில் இருந்தது. காப்பகத்தாருக்கு அறிவிப்பு தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது. அந்தத் தொட்டிலில் இறந்த ஐந்தாவது குழந்தை அது. மூன்று மாதம் கழித்து ஆறாவது குழந்தையும் இறந்தது.

அந்த இளம் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. ஓர் அமைப்பைத் தொடங்கிப் பத்தாண்டுகள் போராடினார்கள். 2008-இல் அமெரிக்கா கொண்டுவந்த நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதிக்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைத்தார்கள். அதன்படி தொட்டில், தள்ளுவண்டி போன்ற குழந்தைப் பொருள்களோடு அஞ்சல் கட்டணம் செலுத்தப்பட்ட பதிவு அட்டை ஒன்று இருக்க வேண்டும். வாங்கியவர் தன் முகவரியை எழுதி அனுப்பினால், ஆபத்து தெரியவரும்போது நிறுவனம் நேரடியாக அவருக்குத் தெரிவிக்கும். அதே சட்டம் இன்னொன்றையும் சொன்னது. குழந்தைகளுக்கான ஒவ்வொரு பொருளிலும், உறையில் மட்டுமல்ல, இயன்றவரை பொருளின் மேலேயே தயாரிப்பாளர், இடம், நாள், தொகுதி ஆகியவற்றைக் காட்டும் அழியாத குறி இருக்க வேண்டும். உறையைப் பிரித்த அன்றே குப்பையில் போட்டுவிடுகிறோம் அல்லவா? பொம்மை பத்து ஆண்டு வீட்டில் கிடக்கும். தங்கைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும்.

2008-இல் அந்தச் சட்டம் வர உடனடிக் காரணம் முந்தைய ஆண்டின் பொம்மைகள். 2007 ஆகஸ்டில் மேட்டல் என்ற பெரிய பொம்மை நிறுவனம், ஈயம் கலந்த வண்ணப்பூச்சு காரணமாக ஏறத்தாழ 15 லட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதத்தில், கழன்று விழக்கூடிய சிறு காந்தங்கள் உள்ள ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பொம்மைகளுக்கு அறிவிப்பு வந்தது. ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலைத் துளைத்துவிடும். காந்தப் பாடத்துக்குச் சின்னச் சின்ன வட்டக் காந்தங்களை வாங்கி வைத்திருக்கும் சக ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

மேற்பார்வை செய்ய வேண்டிய அமைப்பு அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 1980-இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலை செய்த அந்த அலுவலகத்தில் 2007-இல் நானூறு பேர்தான் இருந்தார்கள். பொம்மைகளைக் கீழே போட்டுப் பார்த்துச் சிறு பாகம் உடைந்து விழுகிறதா என்று சோதிக்க முழுநேர ஊழியர் ஒரே ஒருவர். உலகத்தின் பொம்மைகளெல்லாம் போய்க் குவியும் நாட்டில் ஒருவர்! சட்டப் புத்தகத்தில் ஆணையம் இருக்கிறது என்பதும், நாற்காலியில் ஆள் இருக்கிறார் என்பதும் வேறு வேறு என்பது அரசுப் பள்ளியில் வேலை செய்யும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆள் இருந்தாலும் வாய் திறக்க முடியாமல் போவதும் உண்டு. 2009 முதல் விற்பனையான ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் சாய்வுத் தூளி ஒன்றில் கைக்குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அந்நாட்டுச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் தகவல் வெளியிடும் முன் அந்த நிறுவனத்துக்குத் தெரிவித்து அதன் கருத்தைக் கேட்க ஆணையம் கடமைப்பட்டது. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் வந்த எச்சரிக்கை 10 மரணங்களைச் சொன்னது. சில நாளில், கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் இதழ் 32 மரணங்களைக் கணக்கிட்டு வெளியிட்டது. அதே வாரத்தில் 47 லட்சம் தூளிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்துவிட்டது. அறிவிப்போடு முடியவில்லை. 2023 ஜனவரியில் மறுபடியும் அறிவிக்க வேண்டியிருந்தது. மொத்தம் ஏறத்தாழ 100 மரணங்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் குறைந்தது எட்டு, முதல் அறிவிப்புக்குப் பிறகு நடந்தவை. பழைய பொருள் கைமாறிப் போன வீடுகளுக்கு அறிவிப்பு போய்ச் சேரவில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குப் பழக்கமானது. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு இழப்பீடு பெறலாம். ஆனால் ஒரு பொருளைக் கடைகளிலிருந்தே திரும்பப் பெறச் செய்ய, நுகர்வோர் அனைவருக்குமாகச் செயல்படும் தனி அமைப்பு அப்போது இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குறையைத் தீர்த்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020 ஜூலை 24 முதல் செயல்படுகிறது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் அச்சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ் அது உத்தரவிடலாம். புகாரை டில்லிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இந்த அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் குக்கர் நல்ல எடுத்துக்காட்டு. வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நீராவி போகும் வழி அடைத்துக்கொண்டால் பாதுகாப்பு வால்வு உருகி வழிவிட வேண்டும். அது வேலை செய்யாத குக்கர் அடுப்பங்கரையில் வெடிகுண்டுதான். முத்திரை இல்லாத குக்கர்கள் இணையத்தில் விற்கப்பட்டதைக் கண்டு ஆணையம் 2022 ஆகஸ்டில் நடவடிக்கை எடுத்தது. அமேசான் தளம் வழியே 2,265 குக்கர்கள், ஃபிளிப்கார்ட் வழியே 598 குக்கர்கள். வாங்கிய அத்தனை பேருக்கும் தெரிவித்து, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தர வேண்டும், ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும் என்று உத்தரவு. எதிர்த்து டில்லி உயர்நீதிமன்றம் வரை போனார்கள். வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அந்த எண்கள்தான் கண்ணில் பட்டன. 598! ஏறத்தாழ அறுநூறு என்றுகூட இல்லை. இணையத்தில் விற்ற பொருளுக்கு வாங்கியவரின் கதவு எண் வரை தெரியும். எங்கள் கடைவீதியில் அதே குக்கர் எத்தனை விற்றது என்று யாரால் சொல்ல முடியும்?

திரும்பப் பெறுவது கடைசி வழி. அதற்கு முந்தைய வேலி, விற்கும் முன்பே சோதிப்பது. பொம்மைகளைப் பொறுத்தவரை நமக்கு அந்த வேலி 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மை எதுவாக இருந்தாலும், உள்நாட்டில் செய்ததோ வெளிநாட்டிலிருந்து வந்ததோ, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. களிமண்ணும் காகிதக் கூழும் வைத்துக் குடிசையில் வேலை செய்கிறவரை ஆய்வகச் சான்றிதழ் கேட்டு அலைய வைக்காதது சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் வண்ணத்தில் ஈயம் இருந்தால் குழந்தையின் உடம்பு அதைக் கைவினை என்று பார்க்காது. அந்தக் கைவினைஞர்களுக்கு ஈயமில்லாத வண்ணம் மலிவாகக் கிடைக்க வழி செய்வது ஒருவேளை இன்னும் நல்ல மேற்பார்வையாக இருக்கும்.

அப்படியானால் என் அகல் விளக்கு? அது பொம்மை இல்லை, அலங்காரப் பொருள். மின்சாரப் பொம்மைக்கான தரத்தின்படி பட்டன் பேட்டரி உள்ள அறையைக் கருவி இல்லாமல் திறக்க முடியக் கூடாது. பெரும்பாலும் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அலங்கார விளக்குக்கு அந்த விதி பொருந்தாது. குழந்தையின் விரலுக்கு இந்த வேறுபாடு தெரியுமா? இதை உணர்ந்து, பட்டன் பேட்டரி உள்ள நுகர்பொருள்களுக்குப் பொதுவாகவே விதிகளை ஆஸ்திரேலியா 2022 ஜூனில் நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவும் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்துக்கும், டெக்சாஸில் பட்டன் பேட்டரியை விழுங்கி இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் பெயர்தான்.

இருந்தும் என் விளக்குக்கு ஒரு விதி இருக்கவே செய்தது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, உறையின்மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலையும், புகார் தெரிவிக்கத் தொடர்பும் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. நான் வாங்கிய பெட்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நான் அதைப் பார்க்கவும் இல்லை.

இப்போது ஆண்டுதோறும் ஏழாம், எட்டாம் வகுப்புகளில் 'முகவரி தேடல்' என்று ஒரு செயல்பாடு வைக்கிறேன். வீட்டிலிருந்து ஐந்து பொருள்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் தயாரிப்பாளர், ஊர், நாள், தொகுதி எண், முத்திரை ஆகியவற்றை அட்டவணையாக எழுதி வர வேண்டும். பிஸ்கட் உறையில் எல்லாம் இருக்கும். திருவிழாக் கடையில் வாங்கிய விளையாட்டுத் துப்பாக்கியில் ஒன்றும் இருக்காது. அட்டவணையில் காலிக் கட்டங்கள் எந்த வகைப் பொருள்களில் விழுகின்றன என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். போன ஆண்டு ஒரு மாணவன், "டீச்சர், எங்க வீட்டுக் குக்கர்ல ஐ.எஸ்.ஐ. போட்டிருக்கு. ஆனா கீழே நம்பர் இல்ல" என்றான். உண்மையான முத்திரையில் மேலே இந்தியத் தரநிலையின் எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரியும். எண்ணே இல்லாத முத்திரை வெறும் படம். அவன் அம்மா அந்தக் குக்கரை மாற்றிவிட்டார்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இன்னொன்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் தொண்டையை அடைக்கும் சிறு பாகம் இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகங்கள் ஓர் உருளையைப் பயன்படுத்துகின்றன. உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பகுதி சாய்வானது. ஒருபுற ஆழம் 25.4, மறுபுறம் 57.1 மில்லிமீட்டர். அழுத்தாமல் வைத்த பாகம் முழுவதும் உள்ளே போய்விட்டால் அது அந்த வயதுக்கு ஆகாது. கெட்டி அட்டையைச் சுருட்டி ஒட்டி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள். அளவியல் பாடமும் நடந்துவிடும். நாங்கள் செய்த உருளையை எங்கள் ஊர் அங்கன்வாடிக்குக் கொடுத்திருக்கிறோம். அங்கிருந்த பொம்மைப் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடிச் சாமான் வெளியே வந்தது.

பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை, வாங்கிய நாள் என்று கட்டங்கள் உண்டு. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தயாரிப்பாளர், தொகுதி எண் என்று இன்னும் இரண்டு கட்டங்களை நான் கோடு போட்டுச் சேர்த்தேன். "தணிக்கைக்கு வர்றவங்க இதைக் கேட்கப் போறதில்லையே டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். கேட்க மாட்டார்கள்தான். விளையாட்டுச் சாமான், ஆய்வகப் பொருள், கற்றல் உபகரணம் எது வந்தாலும் அவரே இப்போது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எண்ணைத் தேடி எழுதச் சொல்கிறார். எண் இல்லாத பொருளை வாங்கி வந்தால் கடைக்குத் திருப்பி அனுப்புகிறோம். சிறிய ஊர் என்பதால் கடைக்காரர்களுக்கும் பழகிவிட்டது.

விளக்கு விற்ற கடைக்காரர் பட்டன் பேட்டரிச் சாமான்களை இப்போது வாங்கும் முன் மூடியைத் திருப்பிப் பார்க்கிறாராம். விற்றுப்போன அந்த ஆறில் நான்கு விளக்குகளை நாங்கள் கண்டுபிடித்தோம். காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு விளக்கைத் தூக்கிக் காட்டி, "இது மாதிரி யார் வீட்டில் இருக்கு?" என்று கேட்டதில் மூன்று வந்தன. கோயில் பூசாரி வீட்டிலிருந்து ஒன்று. மீதி இரண்டு இன்னும் கிடைக்கவில்லை. கார்த்திகை வரும்போதெல்லாம் கூட்டத்தில் மறுபடி கேட்கிறேன்.